லோவெல் புதைத்த ரோஜாக்கள்

பனி உருகி முடிவதற்குள்ளேயே முற்றத்தைச் சுத்தம் செய்து முடித்துவிடும் ஆள் எங்கள் நார்டன் ஏரி ஊரில் ஒருவர்தான் உண்டு. லோவெல் டோலெஃப்சன். மற்றவர்களுக்கு ஏப்ரல் பாதியில்தான் இலை வாரும் கோல் எந்த மூலையில் கிடக்கிறது என்ற யோசனையே வரும். அதற்குள் லோவெல் வீட்டுக் கூரையோரத் தகரக் குழாயில் அடைந்திருந்த இலை போயிருக்கும். ஊர் நாய்கள் குளிர்காலம் முழுக்க வேலியோரம் விட்டுப்போனதும் போயிருக்கும். சாலை உப்புப் பட்டுக் கருகிய புல்லைக்கூடச் சீவி எடுத்திருப்பார். முப்பத்தொரு வருஷம் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டியவர். ஒரு பொருள் அதன் இடத்தில் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தச் சுத்தம்தான் மனுஷனைக் கவிழ்த்தது.

எங்கள் பக்கத்தில் ரோஜா வளர்ப்பது என்றால் பாதி வேலை புதைப்பதுதான். மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரில் எந்த ரோஜாச் செடியும் நின்றபடி பிழைக்காது. அக்டோபர் கடைசியில் கிளைகளைக் கயிற்றால் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, செடியை வேரோடு படுக்கவைத்து, மண்ணை மூடி, மேலே இலையைக் குவித்துவிட வேண்டும். ஏப்ரலில் எழுப்ப வேண்டும். முந்தினால் உறைபனி கொன்றுவிடும். பிந்தினால் மண்ணுக்குள்ளேயே வெளிறிய தளிர் விட்டு அழுகிப்போகும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையைச் செய்து வந்தவள் லோவெலின் மனைவி ஆர்டிஸ். லோவெலின் பங்கு, சமையலறை ஜன்னலைத் திறந்து, "இன்னுமா முடியலை?" என்று கேட்பது.

போன அக்டோபரில் ஆர்டிஸுக்கு டுலூத் நகரில் இடுப்பு ஆபரேஷன். மகள் கார்லாவின் வீட்டில் மாடிப்படி கிடையாது என்பதால் குளிர்காலம் முடியும்வரை அங்கேயே இருப்பதாக ஏற்பாடு. அதே வாரத்தில் தண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டும், வீட்டுச் சுவரோரம் முழுக்கத் தோண்டப்போகிறோம் என்று ஊர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ரோஜாக்கள் இருந்ததோ அந்தச் சுவரோரம்தான். ஆர்டிஸ் போனிலேயே உத்தரவு போட்டாள்: பதினொரு செடியையும் கிளப்பிப் பின்பக்கம் உருளைக்கிழங்குப் பாத்தியில் புதை. லோவெல் புதைத்தார். ஒழுங்காகவே புதைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு செடியின் தலைமாட்டிலும் ஓர் ஆரஞ்சுக் கம்பும் நட்டார். பனி தள்ளும் லாரி புல்லைக் கிளப்பிவிடாமல் இருக்க எல்லோரும் வாசல் பாதையோரம் நடுவார்களே, அதே கம்பு.

இனி நடந்ததை எங்கள் ஊர்க்காரன் எவனும் கேட்டவுடன் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொள்வான். மார்ச் கடைசியில் வெயில் வந்தது. வசந்தத்தின் முதல் வேலை கம்பு பிடுங்குவது. லோவெல் முன்வாசலில் தொடங்கினார், பக்கவாட்டுக்கு வந்தார், பின்பக்கம் போனார். ஆரஞ்சாக எது கண்ணில் பட்டதோ அதையெல்லாம் பிடுங்கினார். கழுவினார், துடைத்தார், கட்டுக் கட்டி கார் ஷெட்டில் மாட்டினார். அதோடு விட்டாரா? பாத்தியின்மேல் கிடந்த இலையை வாரினார். ஆங்காங்கே மண் மேடு தட்டியிருப்பது கண்ணை உறுத்தவே அதையும் இழுத்துச் சமமாக்கினார். அன்றைக்கு விசில் வேறு அடித்தார் என்று கேள்வி.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆர்டிஸ் போன் செய்தாள்.

"சனிக்கிழமை வந்துடறேன். கார்லா கொண்டுவந்து விடறா."

"நல்லது. இடுப்பு எப்படி இருக்கு?"

"மோசமில்லை. ரோஜா எப்படி இருக்கு?"

"மோசமில்லை."

"எழுப்பிட்டியா?"

"எழுப்பணும்."

"இன்னும் எழுப்பலையா! இந்த வெயிலுக்கு உள்ளேயே தளிர் விட ஆரம்பிச்சிருக்கும், லோவெல். நான் வர்றதுக்குள்ள வெளியே எடு. மூணு வருஷமாச்சு அந்த மஞ்சள் ரோஜா பூக்க. அது போச்சுன்னா எனக்கு மனசே விட்டுப்போயிடும்."

"எடுத்துடறேன், எடுத்துடறேன்."

இந்த 'மோசமில்லை' பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் நல்லதுக்கும் அதுதான், கெட்டதுக்கும் அதுதான். ஒருவர் வீடு பற்றி எரியும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 'மோசமில்லை, கொஞ்சம் கதகதப்பா இருக்கு' என்று சொன்னதாகக் கதை உண்டு. லோவெலும் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. போனை வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பாத்திக்கு நடந்தார்.

அங்கே பாத்தி இருந்தது. பாத்தி மட்டும்தான் இருந்தது. அறுபதடி நீளம், நாற்பதடி அகலம், மேசைமேல் விரித்த துணி மாதிரி சுருக்கமே இல்லாத கறுப்பு மண். லோவெல் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு மெதுவாக கார் ஷெட்டுக்குப் போய், ஆணியில் தொங்கிய கட்டைப் பார்த்தார். பின்பக்கத்தில் பனி தள்ளும் லாரி எதற்கு வரும், அங்கே எதற்குக் கம்பு என்று அப்போதுதான் புத்தி கேட்டது.

புயலில் எதிரே இருக்கும் கைகூடத் தெரியாத நாளிலும் சாலை எங்கே, பள்ளம் எங்கே என்று அறிந்து லாரி ஓட்டியவர். சொந்த வீட்டுப் பின்புறத்தில், பட்டப்பகலில், பதினொரு செடியைக் காணவில்லை.

செவ்வாய் முழுக்க நினைவை வைத்துத் தேடினார். முதல் செடி ஆப்பிள் மரத்திலிருந்து எட்டடி தள்ளி என்று உறுதியாக நினைவிருந்தது. எட்டடியில் ஒரு பாறைதான் இருந்தது. பன்னிரண்டடியில் போன வருஷம் தோண்டாமல் விட்ட உருளைக்கிழங்கு, அதுவும் அழுகியது. லோவெல் வீடு மூலைவீடு, பின்பக்கப் பாத்தி பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். புதன்கிழமை அந்தத் தெருவில் போகிறவர்கள் வேலியோரம் காரை நிறுத்தி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். "மண்ணு இளகிடுச்சு போல" என்றார் ஒருவர். "இளகிடுச்சு" என்றார் லோவெல். "தோண்ட நல்ல நாளுதான்" என்றார் அவர். "மோசமில்லை" என்றார் லோவெல். கார் போய்விட்டது. மத்தியானத்துக்குள் லோவெல் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது.

புதன் மாலை மண்வெட்டியைக் காலால் மிதித்து இறக்கியபோது, கீழே 'நறுக்'கென்று ஒரு சத்தம்.

லோவெல் குனிந்து கையால் மண்ணை விலக்கினார். கயிறு கட்டிய கிளைகள். தடித்த அடித்தண்டு சரிபாதியாக வெட்டுப்பட்டு, உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தது. ஆறு மாதக் குளிரைத் தாங்கிப் பிழைத்திருந்த செடி. அதை உயிரோடு வெட்டியது அவர் கைதான். மனுஷன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரோஜாவைப் பற்றி அதுவரை ஒரு நாளும் கவலைப்படாதவர் வெட்டுப்பட்ட இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அடுத்த தடவை மண்வெட்டியை வைக்கத் துணிச்சல் வரவில்லை. தோண்டினால் வெட்டுப்படும், தோண்டாவிட்டால் அழுகும். சனிக்கிழமை ஆர்டிஸ் வந்து நின்று கேட்பாள்.

நிமிர்ந்தபோது தெருவுக்கு அந்தப் பக்கம் டெல்மர் குவாமின் சமையலறை ஜன்னல். திரை லேசாக அசைந்தது.

டெல்மருக்கும் லோவெலுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. டெல்மர் போர்வெல் போடும் தொழிலில் நாற்பது வருஷம் இருந்து ஓய்ந்தவர். மனைவி இறந்த பிறகு அந்த ஜன்னலே கதி என்று இருப்பவர். ஏழு வருஷத்துக்கு முன்னால், பனி தள்ளும் லாரிக்காரர்கள் டோனட் கடையில் தூங்குகிறார்கள் என்று ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வந்த மறுநாள் காலை, அவருடைய வாசல் பாதையின் முனையில் மார்பளவுக்குப் பனிச்சுவர். லாரி போனால் ஓரத்தில் வரப்பு மாதிரி பனி ஒதுங்குவது சகஜம்தான். ஆனால் அது வரப்பில்லை, கோட்டை. உறைந்து கல்லாகிவிட்டது. அன்றைக்கு உறைந்த ஏரியின்மேல் நடந்த மீன்பிடிப் போட்டிக்கு டெல்மரால் போக முடியவில்லை. வேண்டுமென்றே செய்தாய் என்றார் டெல்மர். லாரி முன்னால் மாட்டிய தகடு எங்கே தள்ளுமோ அங்கேதான் தள்ளும் என்றார் லோவெல். அதோடு சரி. எங்கள் ஊரில் பகை என்றால் அடிதடி கிடையாது. காரில் எதிரே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வோமே, அந்த விரலைத் தூக்க மாட்டோம், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஜன்னல்! அக்டோபரில் லோவெல் குழி தோண்டிய மூன்று நாளும் அந்த ஆள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எந்தக் குழி எங்கே என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்திருக்கும். ஊரிலேயே தெரிந்த ஒரே மனுஷன். வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று லோவெல் கடவுளிடம் முறையிட்டார். பிறகு வியாழக்கிழமை காலை முகத்தைச் சவரம் செய்துகொண்டு, தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினார்.

டெல்மர் கதவைத் திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்கள்.

"காத்து வடக்கே திரும்பிடுச்சு" என்றார் டெல்மர்.

"திரும்பிடுச்சு."

"காப்பி?"

"வேண்டாம், வேண்டாம். நின்னுட்டே போயிடறேன்."

"போட்டதுதான் இருக்கு."

"உனக்கெதுக்கு சிரமம்."

"கீழேதான் கொட்டப்போறேன்."

"அப்ப அரைக் கப்."

மூன்றாம் தடவைதான் சரி சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. பகையாளி என்றாலும் அதில் மாற்றமில்லை. அரைக் கப் முழுக் கப்பாகவே வந்தது. ஏரியில் பனிக்கட்டி என்றைக்கு உடையும் என்பது பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். கடைசியில் லோவெல் கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆர்டிஸோட ரோஜாவைக் காணலை."

"காணலைன்னா?"

"புதைச்சேன். கம்பு நட்டேன். கம்பையெல்லாம் நானே பிடுங்கிட்டேன்."

டெல்மரின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"கழுவி வேற வச்சிருப்பியே?"

"...கழுவினேன்."

"அப்ப தொட்டி உடையலையா?"

"எந்தத் தொட்டி? டெல்மர், இந்த ஜன்னல்லேருந்து நீ பார்த்திருப்பே. எந்தெந்த இடம்னு சொன்னா போதும், போயிடறேன். சனிக்கிழமை அவ வர்றா."

டெல்மர் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார், கேட்காமலேயே. "சொல்லலாம்" என்றார் நிதானமாக. "அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. அந்தப் பனிச்சுவர். தகடு தானா தள்ளுச்சா?"

லோவெலுக்கு முகம் சூடேறியது. ஏழு வருஷமாக மனைவியிடம்கூட ஒப்புக்கொள்ளாத விஷயம். தகடு, காற்று, சாலையின் சரிவு என்று சொல்லிச் சொல்லி அவருக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது. ஆனால் வெட்டுப்பட்ட தண்டின் பச்சை நிறம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"வேணும்னுதான் செஞ்சேன்" என்றார்.

"காதுல விழலை."

"வேணும்னுதான் செஞ்சேன்யா! மூணு சுத்து வந்தேன். பக்கத்து வீட்டுப் பனியையும் சேர்த்துத் தள்ளிட்டு வந்தேன். போதுமா? டோனட் கடையில நான் ஒரு நாளும் தூங்கினது கிடையாது. அது எனக்கு அவ்வளவு வலிச்சது. ஆனா செஞ்சது தப்பு. மன்னிச்சுக்கோ."

டெல்மர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெகுநாள் பசித்தவன் சாப்பிட்டு முடித்த மாதிரி ஒரு முகம்.

"மூணு சுத்து" என்றார். "நான் ரெண்டுன்னு நினைச்சேன்."

"இப்ப சொல்லு, எங்கே இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"அக்டோபர்ல எனக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு கண்ணும். மூணு வாரம் உன் வீடே எனக்குத் தெரியலை, ரோஜாவுக்கு எங்கே போறது? பேச்சுவார்த்தை இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

லோவெல் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். எங்கள் ஊர் அகராதியில் இல்லாத சில வார்த்தைகள் அவர் வாய்வரை வந்து திரும்பின.

"அப்புறம் எதுக்குய்யா என்னைச் சொல்ல வச்சே?"

"ஏழு வருஷமா கேட்கணும்னு இருந்தது. நீயா வந்து மாட்டினே, விடுவேனா?" டெல்மர் எழுந்து ரப்பர் பூட்ஸைத் தேட ஆரம்பித்தார். "நட, போகலாம். மண்வெட்டியாலயா தேடினே? அறிவிருக்கா உனக்கு? மண்ணுக்குள்ள இருக்கறதைத் தேடறதுக்குன்னே நாப்பது வருஷம் சம்பளம் வாங்கினவன் எதிர்ல குந்தியிருக்கேன், நீ உருளைக்கிழங்கு அறுத்துட்டிருக்கே."

டெல்மர் கொண்டுவந்தது விரல் பருமன்கூட இல்லாத ஓர் இரும்புக் கம்பி. செடியைத் தேடாதே, பள்ளத்தைத் தேடு என்பதுதான் அவர் வித்தை. உழுத பாத்தியில் கம்பி ஒரு சாண் இறங்கினால் கீழே கெட்டித் தரை தடுத்துவிடும். பள்ளம் தோண்டி மூடிய இடத்தில் மட்டும் இன்னும் ஆழமாக, வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும். காலடிக்குக் காலடி அவர் குத்திக்கொண்டே வந்தார். இறங்கிய இடத்தில் லோவெல் முழங்காலிட்டு, கையாலேயே மண்ணை அள்ளினார். முதல் பள்ளம் கிடைத்தபோது இரண்டு கிழவர்களும் கூவிய கூவலில் ஆப்பிள் மரத்துக் காக்கை பறந்துவிட்டது.

வியாழன் சாயங்காலத்துக்குள் நான்கு. வெள்ளிக்கிழமை மழைத் தூறலில் நான்கு. வேலை நடந்ததைவிட வாய் நடந்தது அதிகம்.

"நீ புதைச்ச லட்சணத்தைப் பாரு, ஒண்ணுகூட வரிசையில இல்லை. லாரியையும் இப்படித்தான் ஓட்டினியா?"

"பேசாம குத்துய்யா. உன் கம்பியை விட வாய் கூரா இருக்கு."

"ஏழு வருஷத்து பாக்கி இருக்கில்ல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் தீரும்."

சனிக்கிழமை காலை இரண்டு கிடைத்தன. மஞ்சள் ரோஜா அதில் இருந்தது. அடித்தண்டில் அரிசி அளவு சிவப்புத் தளிர்மொக்கு ஒன்று உடையாமல் நின்றதைப் பார்த்ததும் லோவெல் சத்தமில்லாமல் தொப்பியைக் கழற்றினார். டெல்மர் பார்க்காத மாதிரி கம்பியைத் துடைத்தார். வெட்டுப்பட்டதைச் சேர்த்தால் கணக்கு பதினொன்று. கடைசிப் பள்ளத்தில் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, முழங்கைவரை சேறோடு இருந்தபோதுதான் கார்லாவின் கார் வந்து நின்றது.

ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். இறங்கவில்லை. கால்களை மட்டும் வெளியே வைத்து ஸீட்டிலேயே உட்கார்ந்து, குண்டுகுழியான பாத்தியையும், ஈரச் சாக்கின்மேல் வரிசையாகக் கிடந்த ரோஜாக்களையும், கடைசியாக டெல்மரையும் பார்த்தாள். டெல்மரைத்தான் அதிக நேரம் பார்த்தாள். டெல்மர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, "காத்து கொஞ்சம் தணிஞ்சிருக்கு" என்றார்.

லோவெல் எழுந்து காரருகே போனார். சொல்வதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று மனம் தேடியது. கழிவுநீர்த் தொட்டிக் கதை கைவசம் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை ஒரு தடவை உண்மை சொல்லிப் பார்த்தவருக்கு இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"கம்பையெல்லாம் பிடுங்கிட்டேன், ஆர்டிஸ். எங்கே புதைச்சேன்னு தெரியாம போச்சு. மூணு நாளா தேடறோம். ஒண்ணை வெட்டிட்டேன். பெரிய இளஞ்சிவப்பு. அது போச்சு."

"போன்ல மோசமில்லைன்னு சொன்னே."

"சொன்னேன். பொய்."

முன் ஸீட்டில் கார்லா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோவெல் திட்டுக்காகக் காத்திருந்தார். வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். நிமிர்ந்து பார்த்தபோது ஆர்டிஸின் கண் கலங்கியிருந்தது.

"நானும்தான் சொன்னேன்" என்றாள். "இடுப்பு மோசமில்லைன்னு. ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"ஏன், என்னாச்சு?"

"சரியா கூடலை. நடக்கலாமாம். குனியக் கூடாது, முட்டி போடக் கூடாது, மண்ணு கிளறக் கூடாது. இனிமே எப்பவுமே கூடாதாம். பிப்ரவரியிலேயே டாக்டர் சொல்லிட்டார். ரோஜாவையெல்லாம் யாருக்காவது கொடுத்துடலாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் டுலூத்லேருந்து வழி முழுக்க யோசிச்சுட்டு வந்தேன்."

லோவெல் அவளைப் பார்த்தார். திரும்பிச் சாக்கின்மேல் கிடந்த செடிகளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் துழாவி ஒரு துண்டுப் பென்சிலை எடுத்தார். சேற்றுக் கையோடு காருக்குள் தலையை நீட்டி, கார்லாவிடம் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். கார்லா ஏதோ பழைய ரசீதைக் கொடுத்தாள். அதைத் தன் முழங்காலில் வைத்து நீவிக்கொண்டே, மனைவியின் காலடியில் ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லு, எது எங்கே போகணும்? எவ்வளவு ஆழம்? மெதுவா சொல்லு" என்றார். "இந்தத் தடவை எழுதிக்கறேன்."